‘திறன் அற்றவர்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

வாசகரின் கடிதம், பெயரும் ஊர் அடையாளமும் நீக்கி, சுருக்கமாக:

குடியாத்தம் பக்கத்திலிருந்து 38 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 72 வயது. லுங்கி நெய்தவர், வீட்டிலேயே இரண்டு குழித்தறி. எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் நின்றுபோனது. வேலூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அம்மா இல்லை. பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது இந்த மகள்தான். அண்ணன் சென்னையில் வேலையில் இருக்கிறார். மருத்துவச் செலவில் ஒன்றரை லட்சம் அவர் கொடுத்தது. குடியிருக்கும் வீடு 1987-இல் அப்பா தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில் கிரயம் வாங்கியது. “வீடு பாப்பாவுக்குத்தான்” என்று நன்றாக இருந்த காலத்திலேயே பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போதும் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து வரச் சொல்லி, இடது கையால் மகளைக் காட்டுகிறாராம்.

அண்ணன் சொல்வது: “அவருக்கு இன்னா புரியப் போவுது? ஒரு கையெழுத்துப் போட வக்கில்லாத ஆளு எழுதுற உயிலு எங்க செல்லும்?” பத்திரம் எழுதும் ஒருவர் சொன்னது: “பேச முடியாதவர் பத்திரம் பதியத் தகுதி இல்லாதவர். இப்போதைக்கு ஒரு பவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.” இதற்கு நடுவில், உதவித்தொகைக்காக ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மனு தட்டச்சு செய்து வாங்கியிருக்கிறார். அதில் ஒரு வரி: “என் தந்தை எதையும் அறிந்து செயல்படும் திறன் அற்றவர்.” அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி. கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: “நான் எட்டாவதுதான் படித்தேன். இதையெல்லாம் செய்ய எனக்குத் துப்பில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.”

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் கொடுக்காதீர்கள். கொடுத்தேவிட்டீர்கள் என்றால், அந்த வரி தவறு என்று எழுதி, திருத்திய மனு ஒன்றைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கு அந்த வரி தேவையே இல்லை. ஆனால் நாளைக்கு உயில் வழக்குக்குப் போனால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் உங்களைக் கூண்டில் ஏற்றி முதலில் நீட்டும் தாள் அதுவாகத்தான் இருக்கும். “எதையும் அறிய முடியாதவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அப்புறம் உயிலை மட்டும் எப்படி அறிந்து எழுதினார்?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வது கடினம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரே பக்கத்தில் ஒரு மனிதரை அளக்க எத்தனை சொற்கள்! திறன் இல்லை, தகுதி இல்லை, வக்கில்லை, புரியாது. உங்களுக்கு வந்தபோது துப்பில்லை. எல்லாம் ஒன்றுதான் என்பதுபோல ஒவ்வொருவரும் கைக்கு வந்ததை எடுத்து வீசியிருக்கிறார்கள். சட்டத்தில் இவை ஒன்றல்ல. பேச்சிலும் ஒன்றல்ல. இவற்றைப் பிரித்துப் பார்த்தாலே உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாக இந்தச் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் இருந்த சொற்கள்

தகுதி என்பது, ஒரு காரியத்தைச் செய்யச் சட்டம் ஒருவரை அனுமதிக்கிறதா என்பது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர் யார் என்று மூன்றே நிபந்தனை சொல்கிறது: மேஜர் ஆகியிருக்க வேண்டும், தெளிந்த மனநிலை இருக்க வேண்டும், வேறு எந்தச் சட்டமும் அவரைத் தடுத்திருக்கக் கூடாது. இதில் பேச்சு எங்கே இருக்கிறது? கையெழுத்து எங்கே இருக்கிறது? இரண்டும் இல்லை. பத்திரம் எழுதுபவர் தகுதி என்று சொன்னது உண்மையில் வசதியைப் பற்றி. பேச முடியாதவரை வைத்துப் பதிவு செய்வது அவருக்குக் கூடுதல் வேலை, அவ்வளவுதான். இன்னொன்றும் கவனியுங்கள்: பத்திரம் பதியத் தகுதி இல்லாதவர் பவர் மட்டும் எப்படிக் கொடுப்பார்? பவரும் ஒரு பத்திரம்தானே.

திறன் என்பது வேறு. அது உள்ளே இருப்பது: கேட்டதைப் புரிந்துகொள்வது, எடைபோடுவது, ஒரு முடிவுக்கு வருவது. அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு தெளிந்த மனநிலையை விளக்கும்போது, அந்த ஒப்பந்தத்தைச் செய்கிற நேரத்தில், அதைப் புரிந்துகொண்டு அதனால் தனக்கு என்ன நன்மை தீமை என்று சீர்தூக்கிப் பார்க்கும் திறன் இருந்ததா என்றுதான் கேட்கிறது. ‘அந்த நேரத்தில்’, ‘அந்த ஒப்பந்தத்தை’ என்ற இரண்டையும் கவனியுங்கள். பொதுவாகவே இந்த ஆள் திறமைசாலியா என்று சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. மனநல மருத்துவமனையில் இருப்பவர்கூட, தெளிவாக இருக்கும் இடைவெளிகளில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அந்தப் பிரிவே எடுத்துக்காட்டு தருகிறது. நல்ல நிலையில் உள்ளவர் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருக்கும்போது செய்ய முடியாது என்றும் சொல்கிறது.

திறமை என்பது பழகிப் பழகிக் கையில் ஏறுவது. உங்கள் அப்பா தறியில் கைதேர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். கைதேர்ந்த என்ற சொல்லிலேயே கை இருக்கிறது, பாருங்கள். அந்தக் கை இப்போது விழுந்துவிட்டது. திறமை வெளியே வர வழியில்லாமல் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் ‘எல்லாம் போச்சு’ என்று முடிவுகட்டிவிட்டார்கள். கை போனதற்கும் புத்தி போனதற்கும் தொடர்பு இருந்தே தீரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

திராணி, தெம்பு இரண்டும் உடம்பைப் பற்றியவை. நடந்து சார்பதிவாளர் அலுவலகம் வரத் திராணி இல்லை என்றால் அது உண்மை. எழுதுங்கள், தயங்க வேண்டாம். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வக்கு, துப்பு என்ற இரண்டையும் மட்டும் நீதிமன்றத்தில் யாரும் கேட்பதில்லை. இவை விசித்திரமான சொற்கள். உனக்கு நல்ல துப்பு இருக்கிறது என்று யாராவது யாரையாவது பாராட்டிக் கேட்டிருக்கிறீர்களா? ‘இல்லை’ சேர்ந்தோ, ‘இருக்கா?’ என்று ஏளனமாகவோதான் அவை வாயிலிருந்து வரும். நம் பக்கத்தில் உருதுவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட லாயக்கு என்ற சொல்லும் இப்போது பெரும்பாலும் ‘லாயக்கில்லை’ என்றுதான் காதில் விழுகிறது. ஒருவரைக் கீழே தள்ளுவதற்கென்றே வைத்திருக்கும் சொற்களைக் கொண்டு ஒருவரை அளக்க முடியாது. உங்களையும்தான்.

அப்பாவால் உயில் எழுத முடியுமா?

முடியலாம். உறுதியாகச் சொல்ல நான் மருத்துவர் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. ஆனால் சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று காட்ட முடியும்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, தெளிந்த மனநிலை உள்ள மேஜர் எவரும் உயில் எழுதலாம் என்கிறது. அதன் விளக்கத்திலேயே, காது கேளாதவர், பேச முடியாதவர், பார்வை இல்லாதவர் ஆகியோர் தாம் செய்வது என்ன என்று அறிந்திருந்தால், அந்தக் குறையால் மட்டும் அவர்களுக்குத் தடை இல்லை என்று இருக்கிறது. சுமார் நூறு வருடமாக இருக்கும் சட்டம் இது. உங்கள் அண்ணன் இதை அறியாமல் பேசியிருக்கலாம்.

அதே பிரிவில் இரண்டு எடுத்துக்காட்டுகள் உங்கள் வீட்டுக்காகவே எழுதியதுபோல இருக்கின்றன. ஒன்றில், ஒருவர் உடல் மிகவும் தளர்ந்து மெலிந்து கிடக்கிறார். ஆனால் சொத்தை எப்படிக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் திறன் இருக்கிறது. அவர் உயில் செல்லும். இன்னொன்றில், ஒருவருக்குத் தன்னைச் சுற்றி நடப்பது தெரிகிறது, பழகிய கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறார்; ஆனால் தன் சொத்து எத்தகையது, உறவினர் யார் யார், யாருக்கு எழுதுவது முறை என்ற புரிதல் இல்லை; அவர் உயில் எழுத முடியாது.

இரண்டாவதையும் சேர்த்தே மனதில் வையுங்கள். “சாப்பிட்டீங்களா என்று கேட்டால் தலையாட்டுகிறார், பேரப் பிள்ளைகளைப் பார்த்தால் சிரிக்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நெஞ்சம் நிறைகிறது. ஆனால் உயிலுக்கு அது போதாது. பத்திரத்தை எடுத்து வரச் சொல்லி உங்களைக் காட்டினார் என்றீர்களே, அது இன்னும் வலுவானது. ‘இது என் வீடு, இது இவளுக்கு’ என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அதோடு அவருக்கு ஒரு மகனும் உண்டு, இந்த முடிவால் அவனுக்கு வீடு இல்லாமல் போகும் என்பதும் புரிந்திருக்க வேண்டும். புரிந்துதான் சொல்கிறார் என்றால், உடம்பு எப்படி இருந்தாலும் அது அவருடைய முடிவு.

பக்கவாதத்தில் பேச்சு நின்றவர்களில் சிலருக்குக் கேட்பது நன்றாகப் புரியும், வாயில்தான் சொல் வராது. சிலருக்குக் கேட்கும் சொல்லே புரியாமல் போயிருக்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரேபோலத் தெரியும். அவரைப் பார்த்த நரம்பியல் மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் இதைத் தெளிவாகக் கேளுங்கள். “சுயநினைவுடன் இருக்கிறார்” என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்துவிடாதீர்கள். கண் திறந்து பார்ப்பவர் எல்லாருக்கும் அந்த வரி பொருந்தும். “தன் வீடு எது, பிள்ளைகள் யார், உயில் எழுதினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்து முடிவெடுக்கும் திறன் இவருக்கு இருக்கிறதா? எப்படிச் சோதித்தீர்கள்?” என்று கேட்டு, அந்தக் கேள்விக்கான பதிலாகவே சான்று வாங்க வேண்டும். ‘இல்லை’ என்று மருத்துவர் சொன்னால், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதாத உயிலைவிட, தெளிவில்லாத நிலையில் எழுதி வாங்கிய உயில் உங்களுக்கு அதிகத் துன்பம் தரும்.

மாற்றுத்திறனாளி அட்டை குறுக்கே நிற்குமா?

நிற்காது. 80 சதவீதம் என்று சான்றில் போட்டிருப்பதால் உயில் செல்லாது என்று அண்ணன் பயமுறுத்தியிருக்கிறார். அந்த 80 கை, கால், பேச்சு ஆகியவற்றின் பாதிப்புக்குப் போட்ட அளவு. மீதி 20 சதவீதம்தான் புத்தி என்று அதற்குப் பொருள் கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13-ஆவது பிரிவில், சொத்து வைத்துக்கொள்ளவும் வாரிசாகப் பெறவும் தம் பண விவகாரங்களைத் தாமே நடத்தவும் மற்றவர்களுக்கு இணையான உரிமை இவர்களுக்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விட்டு ‘மாற்றுத்திறனாளி’ என்று அரசு மாற்றியபோது பெயரில் என்ன இருக்கிறது என்றவர்கள் உண்டு. உங்கள் அப்பாவைப் போன்றவர்களைப் பார்க்கும்போது அந்தச் சொல்லின் அருமை எனக்குத் தெரிகிறது. திறன் வேறு வழியில் வெளிவருகிறது: இடது கையால், கண்ணால், தலையசைப்பால்.

அதனால் உதவித்தொகை மனுவில் சான்றிலுள்ள சதவீதத்தையும் உடல் நிலையையும் மட்டும் எழுதுங்கள். “வலது கை, கால் செயல்படவில்லை, பேச்சு வரவில்லை, அன்றாடத் தேவைக்குத் துணை வேண்டும்.” இவ்வளவு போதும். எல்லாம் உண்மை. எதுவும் பின்னால் உங்களைக் கடிக்காது.

பவர், செட்டில்மெண்ட், உயில்

பவர் வேண்டாம். பவர் கொடுப்பதால் வீடு உங்களுடையதாகாது; அப்பா சார்பில் செயல்படும் அதிகாரம் மட்டும் வரும். அதிகாரமும் திறனும் ஒன்று என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பவர் கொடுத்தவர் இறந்தாலோ மனத்தெளிவை இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்று ஒப்பந்தச் சட்டம் 201-ஆவது பிரிவு சொல்கிறது. “அவருக்கு முடியாமல் போனால் பவர் உதவும்” என்று நீங்கள் நம்புவது நேர் எதிர். முடியாமல் போகிற அன்றைக்கே அது பயனற்றதாகிவிடும். அதற்குப் பிறகும் அதை வைத்துப் பத்திரம் எழுதினால் வழக்கு உங்கள் மேல் வரும்.

செட்டில்மெண்ட் எழுதினால் வீடு உடனே உங்கள் பெயருக்கு மாறும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பும் உண்டு. ஆனால் ஒன்று யோசியுங்கள். நோயாளியைக் கவனிப்பவரே வீட்டையும் எழுதி வாங்கினால், செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எளிதாக வரும். அப்படி எதுவும் செய்யவில்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில் விழலாம். அப்பாவின் பக்கமிருந்து பார்த்தாலும், உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் கைவிடுவது அவருக்குப் பாதுகாப்பு இல்லை. தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பின்னால் பராமரிப்பு கிடைக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம்தான். உங்களை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் எழுதிக் கொடுப்பவருக்கு எது நல்லது என்றும் ஒரு வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

உயில்தான் இந்த நிலையில் பொருத்தம் என்பது என் எண்ணம். அவர் காலம் வரை வீடு அவருடையது. மனம் மாறினால், திறன் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத் தீர்வை இல்லை. பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் வழக்கில் பதிவு செய்வதே நல்லது. ஒன்றுமே எழுதாமல் போனால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்களும் அண்ணனும் சரிபாதி. ‘ஒன்றுமில்லாமல் போய்விடுவேன்’ என்ற உங்கள் பயத்துக்கு அடிப்படை இல்லை. அப்பாவின் உழைப்பில் பாதி எப்படியும் உங்களுடையதுதான்.

உங்கள் 1987-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருக்கிறதே, அதைத் திருத்த வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 1989-இல் அந்த மாவட்டம் பிரிந்தது, 2019-இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உயிலில் பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் குறிப்பிட்டால் போதும்.

உயில் எழுதும் நாளில்

நம் ஊர்ப் பத்திரங்களில் ஒரு வாய்ப்பாடு உண்டு: “நல்ல தேக ஆரோக்கியத்துடனும், ஸ்திர புத்தியுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதி வைத்த உயில் சாசனம்.” பழைய உயிலைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு நல்ல தேக ஆரோக்கியம் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே, முதல் வரியே பொய், எழுதியதைப் படித்துக்கூடக் காட்டவில்லை என்று வாதாடலாம். உள்ளதை எழுதச் சொல்லுங்கள்: வலப்பக்கம் செயல்படவில்லை, பேச்சு வரவில்லை; சொல்வது புரிகிறது; தலையசைத்தும் இடது கையால் காட்டியும் விருப்பத்தைத் தெரிவித்தார்; இன்னார் தமிழில் படித்துக் காட்டினார்; கேட்டு ஒப்புக்கொண்டு இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார். கையெழுத்துக்குப் பதில் ரேகை வைப்பதைச் சட்டம் ஏற்கிறது.

சாட்சிகள் குறைந்தது இருவர் வேண்டும். அவர் ரேகை வைப்பதை இருவரும் பார்த்திருக்க வேண்டும். அவர் முன்னிலையில் இருவரும் கையெழுத்திட வேண்டும். நீங்களோ உங்கள் கணவரோ சாட்சியாக இருக்காதீர்கள். அவரைப் பார்க்கும் மருத்துவர் ஒருவராகவும், அப்பாவை நெடுநாளாக அறிந்த, அவரைவிட வயதில் இளையவர் ஒருவராகவும் இருந்தால் நல்லது. பிற்காலத்தில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஒருவராவது இருக்க வேண்டுமே.

எல்லாவற்றையும்விட இது முக்கியம்: அப்பாவின் சைகையை நீங்கள் விளக்கிச் சொல்லாதீர்கள். அவர் கண்ணசைவு உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் வீடு வருவதும் உங்களுக்குத்தான். உதவி செய்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு சொத்து விஷயத்தில் நலன் மோதும்போது, உதவி செய்பவர் அந்த விஷயத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் கேட்கட்டும். நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள்.

கேட்கும் முறையும் இருக்கிறது. “வீடு மகளுக்குத்தானே?” என்று கேட்டுத் தலையசைப்பு வாங்கினால் ஒன்றுக்கும் உதவாது. சிலர் எதைக் கேட்டாலும் தலையசைப்பார்கள். ‘இல்லை’ என்று பதில் வர வேண்டிய கேள்விகளையும் கலந்து கேட்க வேண்டும்: “வீடு மகனுக்கா?” “இரண்டு பேருக்கும் பாதிப் பாதியா?” “உங்களுக்கு மூன்று பிள்ளைகளா?” குடும்பப் படத்தை வைத்துக் கையால் காட்டச் சொல்லலாம். அதே கேள்விகளைச் சில நாள் கழித்து வரிசை மாற்றிக் கேட்டு, அதே பதில் வந்தால், அதைவிட நல்ல சாட்சியம் இல்லை. இதை வீடியோவாக எடுத்து வையுங்கள், வெட்டாமல் ஒட்டாமல். காலையில் தெளிவாகவும் மாலையில் சோர்ந்தும் இருப்பார் என்றால் காலையில் வையுங்கள்.

அலுவலகம் போகத் திராணி இல்லாதவருக்காக, மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்து, தனிக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. எதிரில் இருப்பவருக்குப் புரிதலே இல்லை என்று தெரிந்தால் அவர் மறுக்கலாம். அதனால் அவர் நேரில் பார்த்துப் பதிவு செய்வதும் உங்களுக்கு ஒரு பலம்தான். ஆனால் அதுவே முழுக் காப்பு என்று எண்ண வேண்டாம். 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நடப்பில் உள்ளது: உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால், அதைத் தீர்த்து வைப்பது உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்பவரின் பொறுப்பு.

அண்ணனைப் பற்றி

அவர் பேசிய சொற்கள் தவறு. ஆனால் அவரை எதிரியாக வைத்து நீங்கள் எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றரை லட்சம் கொடுத்திருக்கிறார். அப்பா தன்னை மறந்துவிட்டார் என்ற வலி அந்தக் கோபத்துக்குள் இருக்கலாம். வீடு மகளுக்கு என்றால், மகனுக்கு ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரி காரணம் உயிலில் இருக்கட்டும், அதுவும் அப்பாவிடம் கேட்டு உறுதி செய்ததாக. மருத்துவச் செலவுக்கு அண்ணன் தந்த தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று அப்பா விரும்புகிறாரா என்றும் கேட்கச் சொல்லுங்கள். தறியில் ஒன்றை மகனுக்கு என்று அவர் கை காட்டினாலும் காட்டலாம். யாரும் இதுவரை அவரைக் கேட்கவில்லையே. மருத்துவர் சோதிக்கும் நாளில் அண்ணனையும் வரச் சொல்வதில் ஆபத்து இருக்கிறது, சத்தம் போடக்கூடும். ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தவர் பின்னால் ‘அவருக்கு இன்னா தெரியும்’ என்று சொல்வது கடினம். இதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

கடைசியாக, உங்களுக்குத் துப்பில்லை என்று எழுதினீர்களே. எட்டு மாதமாகப் படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்திருக்கிறீர்கள். மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். சந்தேகம் வந்தவுடன் கையெழுத்தை நிறுத்தி, ஒரு வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சிறுவயதில் உங்களைச் சமர்த்து என்று கூப்பிட்டார்கள் என்று ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். நம் வீடுகளில் சமர்த்து என்றால் அடம் பிடிக்காத பிள்ளை, சொன்னதைக் கேட்கும் பிள்ளை. ஆண் பிள்ளை என்றால் கெட்டிக்காரன் என்பார்கள். அதில் ஒரு பாய்ச்சல் இருக்கும். சமர்த்தாக வளர்ந்த பெண், ஒருநாள் ‘இதில் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்லும்போது கை நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும். போடாமல் இருங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். போகும்போது கிரயப் பத்திரம், மருத்துவமனைச் சுருக்கம், மாற்றுத்திறனாளி சான்று ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அந்தத் தட்டச்சு செய்த மனுவையும் கிழித்துப் போடாமல் கொண்டு போங்கள். எந்த வரியை நீக்கி எப்படி எழுதுவது என்று அதை வைத்தே அவர்கள் காட்டிக் கொடுப்பார்கள்.